பிக்கப்பில் டிரெய்லர் இழுக்கும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் முறையாக டிரெய்லர் மாட்டப் போகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "என் வண்டி இழுக்குமா?" இழுக்கும். இன்றைய பிக்கப் எஞ்சின்களுக்கு இழுப்பது பெரிய வேலையே இல்லை. இழுத்துக்கொண்டு போகிற பாரத்தை நிறுத்துவதும், அது நேராகப் பின்னால் வரும்படி பார்த்துக்கொள்வதும்தான் கஷ்டம். பாரம் எவ்வளவு, அதை எங்கே வைத்தோம் என்பதில்தான் அந்த இரண்டும் அடங்கியிருக்கின்றன. அதனால் கீழே எந்தக் கேள்வியில் தொடங்கினாலும் பேச்சு எடையில் வந்து நிற்பதைப் பார்ப்பீர்கள்.

சில சொற்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிக்கப்பின் பின்பக்கம் பொருத்தும் உருண்டையான இரும்பைக் குண்டு என்கிறேன். அந்தக் குண்டைத் தாங்கி பிக்கப்போடு பிணைக்கும் இரும்பு அமைப்பு ஹிட்ச். டிரெய்லரின் முன்தண்டு நுனியில் இருந்து அந்தக் குண்டைக் கவ்விப் பிடிப்பது கப்ளர். அந்தத் தண்டு குண்டின் மேல் எவ்வளவு எடையோடு உட்காருகிறதோ அது முன்பாரம். மாட்டுவண்டியில் பாரம் ஏற்றியவர்கள் முன்பாரம், பின்பாரம் என்பார்கள் அல்லவா, அதே பொருள்தான்.

விளம்பரத்தில் 3,500 கிலோ இழுக்கும் என்று போட்டிருக்கிறது. அப்படியானால் 3,500 கிலோ டிரெய்லரை மாட்டலாமா?

பெரும்பாலும் முடியாது. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

உங்கள் பிக்கப் சுமக்கக்கூடிய எடை 650 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இது இழுக்கும் எடை இல்லை, முதுகில் தாங்கும் எடை. உள்ளே உட்காரும் ஆட்கள், பின்தொட்டியில் போடும் சாமான், டிரெய்லரின் முன்பாரம் மூன்றும் இதற்குள் அடங்க வேண்டும். 3,500 கிலோ டிரெய்லருக்கு முன்பாரம் 12 சதவீதம் என்றால் 420 கிலோ. மீதி 230 கிலோதான். ஆளுக்கு 70 கிலோ என்று ஓட்டுகிறவரையும் சேர்த்து நாலு பேர் ஏறினால் 280 கிலோ. ஒரு பை கூட வைக்காமலே 50 கிலோ தாண்டிவிட்டது.

இதையே திருப்பிப் போடுங்கள். நாலு பேருக்கு 280, சாமானுக்கும் ஹிட்ச்சின் எடைக்கும் சேர்த்து 40. மொத்தம் 320 போக 650-இல் மீதி 330 கிலோ. அதுதான் குண்டின் மேல் வரக்கூடிய அதிகபட்ச முன்பாரம். 12 சதவீதம் 330 என்றால் டிரெய்லர் 2,750 கிலோ. விளம்பரத்துக்கும் இதற்கும் 750 கிலோ வித்தியாசம். டிரெய்லர் வாங்குவதற்கு முன்பே இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுவிடுங்கள். வாங்கிய பிறகு போட்டால் மனசு கேட்காது.

விளம்பர எண் பொய் என்று சொல்லவில்லை. அமெரிக்காவில் எஸ்ஏஇ ஜே2807 என்ற சோதனை முறை இருக்கிறது. அரிசோனாவில் டேவிஸ் அணைக்கு அருகே உள்ள சுமார் 18 கிலோமீட்டர் ஏற்றத்தைக் கடும் வெயிலில், ஏசியை முழுதாக ஓடவிட்டு, குறிப்பிட்ட வேகத்துக்குக் குறையாமல் ஏற வேண்டும். கடுமையான சோதனைதான். ஆனால் அந்தக் கணக்கில் வண்டிக்குள் இருப்பது ஓட்டுகிறவரும் இன்னொருவரும் மட்டுமே. பின் சீட்டில் குடும்பமும், தொட்டியில் கூடாரமும் சைக்கிளும் இருக்கும் உங்கள் பயணத்துக்கு அந்த எண் அப்படியே பொருந்தாது.

இந்த எடை வரம்புகளை எங்கே பார்ப்பது?

பல பிக்கப்புகளில் ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவு மூடும் சட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். சுமக்கும் எடை, ஒவ்வொரு அச்சுக்கும் உள்ள வரம்பு, டயர் காற்று அளவு அதில் இருக்கும். வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடைக்கான வரம்பு கையேட்டில் இருக்கும். டிரெய்லரின் முன்தண்டில் அதன் தகடு இருக்கும். ஹிட்ச்சிலும் குண்டிலும்கூட எடை பொறித்திருக்கும். பாரம் ஏற ஏற இத்தனை வரம்புகளில் எது முதலில் எட்டுகிறதோ அதுதான் உங்கள் வரம்பு. 3,500 கிலோ தாங்கும் ஹிட்ச்சில் 1,500 கிலோ குண்டு மாட்டியிருந்தால் அது 1,500 கிலோ ஹிட்ச்தான்.

எண்களைப் பார்த்தால் மட்டும் போதாது. ஒரு தடவையாவது லாரிகள் ஏறும் எடை மேடையில் நிறுத்திப் பாருங்கள். மூன்று முறை எடை போட வேண்டும். முதலில் டிரெய்லர் இல்லாமல், ஆட்களும் சாமானும் ஏறிய பிக்கப். அடுத்து டிரெய்லரை மாட்டிவிட்டு, பிக்கப்பின் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்படி. மூன்றாவது, இரண்டும் சேர்ந்து முழுதாக. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் முன்பாரம். மூன்றாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் டிரெய்லரின் முழு எடை. அரை மணி நேர வேலை. தன் டிரெய்லரின் எடையைக் கண்ணளவில் சொன்னவர்களில் அதிகமாகச் சொன்ன ஒருவரை நான் பார்த்ததில்லை. எல்லாருமே குறைத்துத்தான் சொல்கிறார்கள்.

முன்பாரம் எவ்வளவு இருக்க வேண்டும்?

குண்டில் மாட்டும் டிரெய்லருக்கு, ஏற்றிய மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம். 2,000 கிலோ டிரெய்லருக்கு 200 முதல் 300 கிலோ. பிக்கப்பின் தொட்டிக்குள், பின் அச்சுக்கு மேலே மாட்டும் பெரிய டிரெய்லர்களுக்கு 15 முதல் 25 சதவீதம். ஐரோப்பியத் தயாரிப்புகளுக்கு இதைவிடக் குறைந்த கணக்கு உண்டு. அவற்றின் அச்சு இருக்கும் இடமும் ஓட்டும் வேகமும் அதற்கு ஏற்ப அமைந்தவை. அதனால் தகட்டில் வேறு எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

எடை மேடை பக்கத்தில் இல்லை என்றால் வீட்டில் ஆள் எடை பார்க்கும் மெஷினே போதும். மெஷினை ஒரு பக்கமும், அதே உயரத்துக்குச் செங்கலை இன்னொரு பக்கமும் வைத்து, இரண்டின் மேலும் ஒவ்வொரு குழாய்த் துண்டு வைத்து, கனமான மரச்சட்டத்தைக் குறுக்கே போடுங்கள். குழாய்களுக்கு இடையே சரியாக 90 சென்டிமீட்டர் இருக்கட்டும். சட்டம் மட்டும் இருக்கும்போது மெஷின் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். டிரெய்லர் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்துவிட்டு, கப்ளரைச் செங்கல் பக்கத்துக் குழாயிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, சட்டத்தின் மேல் மெதுவாக இறக்குங்கள். மெஷினுக்கு மூன்றில் ஒரு பங்குதான் போகும். காட்டுகிற எண்ணிலிருந்து சட்டத்தின் எடையைக் கழித்து மூன்றால் பெருக்குங்கள். 70 என்று வந்தால் முன்பாரம் 210 கிலோ. தரை சமமாக இருக்க வேண்டும், டிரெய்லர் ஓட்டும்போது நிற்கும் அதே மட்டத்தில் நிற்க வேண்டும். இரண்டும் முக்கியம்.

சாமானை எப்படி ஏற்றுவது?

கனமானதை அச்சுக்கு நேர் மேலே, கொஞ்சம் முன்னால் தள்ளி, தரையோடு தரையாக வையுங்கள். லேசானவை மேலேயும் பின்னாலும் போகலாம். சாமானின் எடையில் சுமார் 60 சதவீதம் அச்சுக்கு முன்னால் என்பது பழக்கத்தில் உள்ள கணக்கு. தொடக்கத்துக்கு அது நல்லது, ஆனால் ஏற்றி முடித்ததும் முன்பாரத்தை அளந்துதான் முடிவு செய்ய வேண்டும். இடது வலது சமமாக இருக்கட்டும்.

தண்ணீரை மறந்துவிடுகிறார்கள். லிட்டருக்கு ஒரு கிலோ. 200 லிட்டர் தொட்டி என்றால் 200 கிலோ. தொட்டி அச்சுக்கு முன்னால் இருந்து, வழியில் காலியானால் முன்பாரம் குறைந்துகொண்டே போகும். காலையில் அமைதியாக வந்த டிரெய்லர் சாயங்காலம் ஆடுவதற்கு இது ஒரு காரணம். பாதி நிரம்பிய தொட்டி அலம்புவது இன்னொரு தொல்லை. ஒன்று நிரப்புங்கள், இல்லை காலி செய்யுங்கள்.

கட்டும் பெல்ட்டில் இரண்டு எண்கள் இருக்கும்: அறுந்துபோகும் எடை, வேலைக்கான எடை. இரண்டாவது பொதுவாக முதலாவதில் மூன்றில் ஒரு பங்கு. எப்போதும் இரண்டாவதையே நம்புங்கள். கூரான விளிம்பில் பெல்ட் உரசினால் அடியில் கெட்டித் துணியோ ரப்பரோ கொடுங்கள். புறப்பட்டு பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் ஒரு தடவை நிறுத்தி, எல்லா பெல்ட்டையும் கையால் சுண்டிப் பாருங்கள். சாமான் குலுங்கி அமர்ந்திருக்கும், ஒன்றாவது தளர்ந்திருக்கும்.

ஓடும்போது டிரெய்லர் இடமும் வலமுமாக ஆட ஆரம்பித்தால் என்ன செய்வது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். ஸ்டியரிங்கை நேராக, உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பிக்கப்பின் பிரேக்கை மிதிக்காதீர்கள். டிரெய்லருக்கு எலெக்ட்ரிக் பிரேக் இருந்தால், ஓட்டுகிறவர் அருகில் உள்ள அதன் கன்ட்ரோலரில் கையால் தள்ளும் ஒரு சிறிய நெம்புகோல் இருக்கும். அதை மெதுவாகத் தள்ளி டிரெய்லர் பிரேக்கை மட்டும் பிடியுங்கள். டிரெய்லர் பின்னாலிருந்து இழுக்கும், கயிறு விறைப்பது போல இரண்டும் ஒரே கோட்டுக்கு வரும். வேகம் நன்றாகக் குறைந்த பிறகு ஓரம் கட்டி நிறுத்துங்கள்.

பிக்கப்பின் பிரேக்கை மிதித்தால் என்ன ஆகும்? முன்னால் போகிற வண்டி தயங்கும், பின்னால் வரும் இரண்டு டன் தயங்காது. அது குண்டைத் தள்ளும், தள்ளும்போது பிக்கப்பின் பின்பக்கம் பக்கவாட்டில் போகும். ஆட்டத்துக்கு எதிராக ஸ்டியரிங்கைத் திருப்புவதும் அதே அளவு ஆபத்து. நம் கை எப்போதும் அரை நொடி தாமதமாகத்தான் திரும்பும், அதற்குள் டிரெய்லர் அடுத்த பக்கம் போயிருக்கும். ஊஞ்சலை நாமே ஆட்டிவிடுகிற மாதிரி ஆகிவிடும். வேகத்தைக் கூட்டினால் நேராகிவிடும் என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சமவெளியில் ஒரு தடவை தப்பித்திருக்கலாம். இறக்கத்தில் வழியே இல்லை.

எனக்கு இது நடந்தது. ஒரு ஜெனரேட்டரைக் கடைசியாக ஏற்றினோம், முதலில் இறக்க வேண்டியது என்பதால் டிரெய்லரின் வால் ஓரத்திலேயே வைத்துவிட்டோம். நாற்பது கிலோமீட்டர் எந்தக் குறையும் தெரியவில்லை. அப்புறம் ஒரு நீளமான இறக்கம். ஒரு பஸ் முந்திப் போனது. அது தள்ளிய காற்றில் ஸ்டியரிங் கையில் லேசாகச் சிலிர்த்தது போல இருந்தது. கண்ணாடியில் பார்த்தால் டிரெய்லரின் இடது மூலை தெரிந்தது, அடுத்த நொடி மறைந்தது, இன்னொரு கண்ணாடியில் வலது மூலை தெரிந்தது. மூன்றாவது ஆட்டத்தில் பிக்கப்பின் பின் டயர் வழுக்குவதை இடுப்பில் உணர்ந்தேன். பிரேக்கில் காலை வைக்காமல் இருந்தது யாரோ முன்பு சொன்னது நினைவில் இருந்ததால்தான். கீழே நிறுத்திவிட்டு, ஜெனரேட்டரை இரண்டு மீட்டர் முன்னால் நகர்த்தினோம். அதே வண்டி, அதே சாலை, அதே காற்று. அதற்குப் பிறகு ஒரு அசைவு இல்லை.

காரணம் இதுதான். பாரத்தின் மையம் அச்சுக்குப் பின்னால் போனால், எந்தச் சிறு ஆட்டமும் தானாக அடங்காமல் வளரும். ஒவ்வொரு டிரெய்லருக்கும் ஒரு வேக எல்லை உண்டு. அதற்குக் கீழே ஆட்டம் அடங்கும், மேலே வளரும். பின்பாரம் கூடினால் அந்த எல்லை கீழே இறங்கிவிடும். அதனால்தான் நகரத்துக்குள் நன்றாக ஓடுவது நெடுஞ்சாலையில் காலை வாரும். குறுக்குக் காற்று, பெரிய வண்டி முந்துவது, டயரில் காற்றுக் குறைவு, டிரெய்லரின் மூக்கு தூக்கி நிற்பது எல்லாம் ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும். அதை வளர்ப்பது பாரமும் வேகமும்.

மாட்டியதும் பிக்கப்பின் பின்பக்கம் இறங்கி, முன்பக்கம் தூக்குகிறது. பரவாயில்லையா?

கொஞ்சம் இறங்குவது இயல்பு. முன்பக்கம் கண்ணுக்குத் தெரிய உயர்ந்தால் கவனிக்க வேண்டும். முன் சக்கரத்தில் எடை குறைந்தால் ஸ்டியரிங் லேசாகிவிடும், முன் பிரேக் பிடிக்கும் வலு குறையும், ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். மாட்டுவதற்கு முன்னும் பின்னும் முன் சக்கர வளைவின் உயரத்தை டேப்பால் அளந்து பாருங்கள்.

இதற்குச் சுமை பகிரும் ஹிட்ச் என்று ஒன்று இருக்கிறது. இரண்டு ஸ்பிரிங் தண்டுகள் முன்பாரத்தின் ஒரு பகுதியை பிக்கப்பின் முன் அச்சுக்கும் டிரெய்லரின் அச்சுக்கும் திருப்பி அனுப்பும். நல்ல சாதனம். பல பிக்கப்புகளின் கையேட்டில் குறிப்பிட்ட எடைக்கு மேல் இது கட்டாயம் என்றே இருக்கும். பின்பக்கம் காற்றுப் பை வைப்பது வேறு விஷயம். அது வண்டியின் பின்புறத்தைத் தூக்கிக் காட்டும், ஆனால் முன் அச்சுக்கு எடையைத் திருப்பிக் கொடுக்காது. இரண்டில் எதைப் போட்டாலும் கதவு ஸ்டிக்கரில் உள்ள எடை வரம்பு அதிகமாகாது.

டிரெய்லர் தரைக்குச் சமமாக, அல்லது மூக்கு மிக லேசாகக் கீழே இறங்கி நிற்க வேண்டும். மூக்கு மேலே தூக்கி நின்றால் குண்டு பொருத்தும் தண்டை அதிகம் கீழிறங்கியதாக மாற்றுங்கள்.

கப்ளர் சரியாக மாட்டியிருக்கிறதா என்று எப்படி உறுதி செய்வது?

முதலில் குண்டின் அளவு. அமெரிக்க முறையில் அதிகம் பார்ப்பது 1 7/8 அங்குலம், 2 அங்குலம், 2 5/16 அங்குலம். வேறு பல நாடுகளில் 50 மில்லிமீட்டர். குண்டின் தலையிலும் கப்ளரின் மேலும் எண் பொறித்திருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். பெரிய கப்ளரில் சின்னக் குண்டு போட்டால் உட்காரும், பூட்டும், சமதரையில் ஓடவும் ஓடும். முதல் பெரிய பள்ளத்தில் துள்ளி வெளியே வந்துவிடும்.

பூட்டு விழுந்த சத்தத்தை நம்பாதீர்கள். குண்டின் மேலேயே கப்ளர் உட்கார்ந்துகொண்டு, உள்ளே இறங்காமலும் பூட்டு பாதி விழும். கீழே குனிந்து, கப்ளரின் நாக்கு குண்டின் அடிக்கழுத்தைப் பிடித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அப்புறம் பூட்டில் பின் போடுங்கள். அதன் பிறகு நான் எப்போதும் செய்யும் ஒரு சோதனை: டிரெய்லரின் ஜாக்கியை மறுபடி சுற்றி முன்தண்டைத் தூக்கவேண்டும். சரியாக மாட்டியிருந்தால் பிக்கப்பின் பின்பக்கமும் கூடவே எழும்பும். ஸ்பிரிங் முனகுவது கேட்கும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் எழும்பினாலே போதும். குண்டு அப்படியே இருக்கக் கப்ளர் மட்டும் மேலே வந்தால், நடுவழியில் நடந்திருக்க வேண்டியது வாசலிலேயே நடந்துவிட்டது.

குண்டுக்கு அடியில் இருக்கும் நட்டையும் அவ்வப்போது முறுக்கிப் பாருங்கள். அது தளர்வதை யாரும் கவனிப்பதில்லை.

சங்கிலியை ஏன் குறுக்காகப் போடச் சொல்கிறார்கள்?

கப்ளர் கழன்றாலும் முன்தண்டு தரையில் குத்தாமல், சங்கிலிகளின் பெருக்கல் குறியில் தொட்டில் போல விழுவதற்காக. தண்டு தரையில் குத்தினால் டிரெய்லர் குப்புறப் பாயும். இடப்பக்கச் சங்கிலி வலக்கொக்கியில், வலப்பக்கச் சங்கிலி இடக்கொக்கியில். திருப்பத்துக்குத் தேவையான அளவு தொய்வு இருக்கட்டும், தரையில் உரசக்கூடாது. உரசினால் கண்ணிகள் தேய்ந்து மெலியும், தீப்பொறியும் பறக்கும். நீளம் அதிகம் என்று சங்கிலியை முறுக்கிச் சுருக்காதீர்கள். முறுக்கிய சங்கிலிக்குப் பலம் குறைவு.

பிரேக் உள்ள டிரெய்லரில் ஒரு மெல்லிய கம்பி தனியாக இருக்கும். டிரெய்லர் முழுதாகப் பிரிந்துபோனால் அந்தக் கம்பி இழுபட்டு டிரெய்லரின் பிரேக்கைத் தானாகப் பிடிக்கும். அதைப் பிக்கப்பின் உடலோடு நேராக மாட்டுங்கள், குண்டுத் தண்டிலோ சங்கிலிக் கொக்கியிலோ வேண்டாம். குண்டுத் தண்டே கழன்று வந்தால் கம்பியும் அதோடு போய்விடும். எலெக்ட்ரிக் பிரேக் என்றால் இதற்கு டிரெய்லரில் ஒரு சிறிய பேட்டரி உண்டு. மாதம் ஒரு முறை, அந்தக் கம்பியின் மறுநுனியில் டிரெய்லரில் செருகியிருக்கும் பின்னை இழுத்துவிட்டு, டிரெய்லர் நகர மறுக்கிறதா என்று பாருங்கள். உடனே பின்னைத் திரும்பப் போட்டுவிடுங்கள்.

டிரெய்லருக்குத் தனி பிரேக் அவசியமா?

ஐரோப்பிய ஒன்றியத்திலும் ஆஸ்திரேலியாவிலும் 750 கிலோவுக்கு மேல் போனால் சட்டப்படி அவசியம். அமெரிக்காவின் பல மாநிலங்களில் 3,000 பவுண்டுக்கு மேல், அதாவது சுமார் 1,360 கிலோ. சட்டம் எப்படி இருந்தாலும், பிக்கப்பின் பிரேக் அந்த பிக்கப்பின் எடைக்காகச் செய்யப்பட்டது. அதே அளவு இன்னொரு வண்டியைப் பின்னால் கட்டிவிட்டு அதே தூரத்தில் நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

எலெக்ட்ரிக் பிரேக் கன்ட்ரோலரை ஒவ்வொரு பாரத்துக்கும் சரி செய்ய வேண்டும். ஆள் நடமாட்டமில்லாத சமமான காய்ந்த சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டரில் ஓட்டி, கை நெம்புகோலை முழுதாகத் தள்ளுங்கள். டிரெய்லர் சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபட்டால் அளவைக் குறையுங்கள், பிடிப்பே தெரியாவிட்டால் கூட்டுங்கள். பூட்டுவதற்குச் சற்றுக் கீழே நிறுத்துவதுதான் சரியான இடம். மழை பெய்தால் இன்னும் கொஞ்சம் குறையுங்கள்.

நீண்ட இறக்கத்தில் பிரேக் வாசனை வருகிறது. ஏன்?

பிரேக்கின் மேல் காலை வைத்தபடியே இறங்கியிருக்கிறீர்கள். வாசனை வந்த நேரத்தில் பாதி பிடிப்பு போயிருக்கலாம். பிடித்துக்கொண்டே இருந்தால் தட்டுக்கு ஆறும் நேரம் கிடைக்காது; கடைசியில் பிரேக் திரவம் கொதித்துக் குமிழ் விடும், மிதி பஞ்சு போல உள்ளே போகும்.

இறக்கம் தொடங்கும் முன்பே, உச்சியிலேயே, கியரைக் குறைத்துவிடுங்கள். எஞ்சின் இரைச்சல் போடும், போடட்டும். இழுவை மோடு இருந்தால் அதைப் போடுங்கள். கியர்பாக்ஸ் தானாகக் கீழ்க் கியரைப் பிடித்துக்கொள்ளும். அப்படியும் வேகம் ஏறினால் விட்டு விட்டுப் பிடியுங்கள்: 60-ஐத் தொட்டதும் அழுத்தமாக மிதித்து 50-க்குக் கொண்டுவாருங்கள், முழுதாக விடுங்கள், மறுபடி 60 வரட்டும். வாசனையோ புகையோ வந்துவிட்டால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள்.

எந்த வேகத்தில் போகலாம்? முன் வண்டியோடு எவ்வளவு இடைவெளி?

80-இலிருந்து 100-க்குப் போனால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது; பிரேக் தின்ன வேண்டிய ஆற்றல் முன்பு இருந்ததைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல் ஆகிவிடுகிறது. நான் பாரத்தோடு 90-ஐத் தாண்டுவதில்லை. முன் வண்டி கடந்த கம்பத்தை நீங்கள் கடக்கக் குறைந்தது ஐந்து நொடி ஆக வேண்டும். மழையில் அதற்கும் மேல். முந்துவதற்கு நீங்கள் நினைக்கும் இடம் போல இரண்டு மடங்கு வேண்டும், திரும்பி வரும்போது டிரெய்லரின் வாலும் தாண்டிவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

திருப்பத்தில் டிரெய்லர் சக்கரம் பிக்கப் போன தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டி வரும். அதனால் கொஞ்சம் முன்னால் போய்த் திரும்புங்கள்.

டயரிலும் பேரிங்கிலும் என்ன பார்க்க வேண்டும்?

டிரெய்லர் டயர் தேய்ந்து சாவதைவிட வயதாகிச் சாவதுதான் அதிகம். மாதக்கணக்கில் வெயிலில் நின்று, திடீரென்று ஒரு நாள் முழுப் பாரத்தோடு 400 கிலோமீட்டர் ஓடும். பக்கவாட்டில் டாட் என்ற ஆங்கில எழுத்துகளுக்குப் பின்னால் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. ஐந்து ஆறு வருடம் ஆகிவிட்டால், பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றிவிடுங்கள். டிரெய்லருக்கென்றே செய்த டயர்கள் பலவற்றுக்கு மணிக்கு சுமார் 105 கிலோமீட்டர்தான் எல்லை என்பதும் நினைவில் இருக்கட்டும். காற்றைக் காலையில், டயர் சூடாவதற்கு முன் பாருங்கள். காற்றுக் குறைந்த டயர் வளைந்து வளைந்து சூடேறி வெடிக்கும். இரண்டு அச்சு டிரெய்லரில் ஒரு டயர் போனால் ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது.

ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் டிரெய்லரைச் சுற்றி ஒரு நடை நடந்து, ஒவ்வொரு சக்கரத்தின் நடு ஹப்பின் அருகில் புறங்கையைக் கொண்டுபோங்கள், பிறகு மெல்லத் தொடுங்கள். எல்லாம் ஒரே வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். மூன்று வெதுவெதுப்பாக இருந்து ஒன்று மட்டும் கையைச் சுட்டால் அங்கே பேரிங் போய்க்கொண்டிருக்கிறது, அல்லது பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த நிலையில் "அடுத்த ஊர் வரை போய்விடலாம்" என்று கிளம்பாதீர்கள். சக்கரம் தனியாகக் கழன்று ஓடும், அது எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பேரிங்கை வருடம் ஒரு முறை கழற்றிச் சுத்தம் செய்து புதுக் கிரீஸ் போடுவது நல்லது. படகு டிரெய்லருக்கு இன்னும் அடிக்கடி வேண்டும்: ஓடிய சூட்டோடு ஹப் தண்ணீருக்குள் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். இறக்குவதற்கு முன் கால் மணி நேரமாவது ஆறவிடுங்கள். சக்கரத்தைக் கழற்றி மாட்டினால், 80 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி முறுக்க வேண்டும்.

ரிவர்ஸ் எடுக்கவே வரவில்லை. எளிய வழி உண்டா?

ஸ்டியரிங்கின் அடிப்பகுதியை ஒரு கையால் பிடியுங்கள். டிரெய்லரின் வால் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள். குழப்பம் அதோடு தீர்ந்துவிடும். கொஞ்சம் திருப்பி, காத்திருந்து, டிரெய்லர் திரும்ப ஆரம்பித்ததும் ஸ்டியரிங்கை மறுபக்கம் கொண்டுவந்து அதைப் பின்தொடருங்கள். நீளமான டிரெய்லர் மெதுவாகத் திரும்பும், எளிது. குட்டி டிரெய்லர்தான் சட்டென்று மடங்கிக்கொள்ளும். மடங்கத் தொடங்கினால் நிறுத்துங்கள், முன்னால் போய் நேராக்குங்கள், மறுபடி ஆரம்பியுங்கள். பத்துத் தடவை முன்னால் போனாலும் தப்பில்லை.

பின்னால் ஆள் நின்று சொல்வதானால், அவர் உங்கள் கண்ணாடியில் தெரிய வேண்டும். அவர் தெரியாத நொடியில் வண்டியை நிறுத்திவிடுங்கள். இதில் விதிவிலக்கே கிடையாது. காலி மைதானத்தில் இரண்டு டப்பாவை வைத்து ஒரு மணி நேரம் பழகினால், வீட்டு வாசலில் திணற வேண்டியிருக்காது.

டிரெய்லருக்குள் ஆட்கள் உட்கார்ந்து வரலாமா?

கூடாது. ஐந்து நிமிடத் தூரம் என்றாலும் கூடாது.

நிறுத்திவிட்டுக் கழற்றும்போது எந்த வரிசையில் செய்வது?

சமமான தரையில் நிறுத்துங்கள். எதையும் தொடுவதற்கு முன்னால் டிரெய்லர் சக்கரத்துக்கு இருபுறமும் கட்டை வையுங்கள். பிக்கப்பின் ஹேண்ட்பிரேக் டிரெய்லரைப் பிடிக்காது. கப்ளர் கழன்ற அந்த நொடியிலிருந்து அது தனி வண்டி. கட்டை வைத்த பிறகு ஜாக்கியை இறக்குங்கள், மண் தரை என்றால் அடியில் ஒரு பலகை கொடுங்கள். ஒயரையும் பிரேக் கம்பியையும் எடுங்கள். கப்ளரைத் திறந்து, ஜாக்கியைச் சுற்றி, குண்டிலிருந்து முழுதாகத் தூக்குங்கள். சங்கிலி இன்னும் மாட்டியே இருக்கட்டும். டிரெய்லர் ஒரு நிமிடம் அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் சங்கிலியைக் கழற்றி, பிக்கப்பை மெதுவாக முன்னால் எடுங்கள்.